கட்டம் கட்டமாய் ஓடும் வீரன்

அக்கா, தேத்தண்ணி ஆறுமுன் குடியுங்கள், சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். "போனிலேயே சினிமா மாதிரி கேம் வருது, இவன் ஏன் சதுரம் சதுரமாய்த் தெரியிற பொம்மையை ஓட்டிக்கொண்டு இருக்கிறான்?" என்றுதானே கேட்டீர்கள்?

மருமகன் விளையாடுவது 'ஷவல் நைட்'. அமெரிக்காவில் யொட் கிளப் கேம்ஸ் என்ற சிறு குழு 2014இல் வெளியிட்டது. மண்வெட்டி ஏந்திய போர்வீரன் ஒருவன் மேடைக்கு மேடை தாவுவான், எதிரியின் தலையில் மண்வெட்டியை ஊன்றித் துள்ளுவான். பார்வைக்கு 1980களின் கேம். ஆனால் பழசு இல்லை, பழசின் கணக்கைப் படித்துச் செய்த புதுசு.

அந்தக் கணக்கு கடுமையானது. 1985இல் வந்த 'சூப்பர் மரியோ' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால்தான் மரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள பற்றையும் ஒரே வடிவம். நிறம் மட்டும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்த கதை 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா'வுடையது. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் அதை ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளியிட்டார். தன் தம்பியை ஓடவும் பாயவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவைப் பார்த்து இளவரசனை வரைந்தார். அசைவு அழகாய் வந்தது, நினைவகம் தீர்ந்துபோனது. சண்டைக்கு ஒரு எதிரியை வரைய இடமில்லை. அப்போது இளவரசனின் உருவத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன்மேல் வைத்தார். இரண்டிலும் ஒத்துப்போகும் புள்ளிகளை அணைத்து, வேறுபடும் புள்ளிகளை மட்டும் ஒளிரவிட்டார். மினுமினுக்கும் ஒரு நிழல் மனிதன் எழுந்தான். கண்ணாடியைப் பாய்ந்து கடக்கும்போது இளவரசனிலிருந்து பிரிந்து போகிறவன் அவன். அவனை வெட்டினால் காயம் நமக்கு. வாளை உறையில் போட்டு அவனோடு ஒன்றாவதுதான் வழி. இடம் தாராளமாய் இருந்திருந்தால் இப்படியொரு பாத்திரம் பிறந்தே இராது என்று நான் உறுதியாய் நம்புகிறேன்.

இருக்கிற கொஞ்சத்தை வைத்துக் கலை செய்வது நம்மட ஊருக்குப் புதிதில்லை அக்கா. நம்மட கூத்து ஆடும் வட்டக்களரியில் காட்சித் திரையா இருக்கிறது, மாளிகையா இருக்கிறது? வரவு ஆட்டத்தின் மிதியிலேயே வருகிறவன் அரசனா சேவகனா என்று சனம் கண்டுகொள்ளும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய 'இராவணேச'னில் இராவணனாய் ஆடிய மௌனகுரு நம்மட மட்டக்களப்பார். ஆட்டத்தையும் தாளத்தையும் வைத்துக்கொண்டார்கள், நீளத்தைக் குறைத்தார்கள்.

ஷவல் நைட் செய்தவர்களும் அப்படித்தான் எதை வைப்பது, எதை விடுவது என்று யோசித்தார்கள். பழைய நின்டெண்டோ இயந்திரத்தில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு அசையும் துண்டுகளுக்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது, உருவங்கள் விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னலை விட்டுவிட்டார்கள். குறைந்த நிறங்களை வைத்துக்கொண்டார்கள், போதாத இடத்தில் மட்டும் இரண்டொன்று சேர்த்தார்கள். முக்கியமாக, பழைய கேம்கள் பலவற்றில் மூன்று உயிர் போனால் தொடக்கத்திலிருந்து ஓட வேண்டும். காசு போட்டு விளையாடிய கடைகளில் வேரூன்றிய வழக்கம் அது. இதில் உயிர்க் கணக்கே இல்லை. விழுந்தால் உங்கள் பொன்னில் கொஞ்சம் விழுந்த இடத்தில் கிடக்கும். துணிவிருந்தால் திரும்பப் போய் எடுக்கலாம். பிள்ளை திரும்பத் திரும்ப அதே பள்ளத்தில் பாய்வது அதற்காகத்தான்.

அவனைத் திட்டாதீர்கள். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள், மூன்றே நிறத்தில், கரப்புடுப்புக் கட்டிய ஒரு கூத்து அரசனை வரையச் சொல்லுங்கள். முடி எத்தனை கட்டம், கால் எத்தனை கட்டம் என்று அவன் தலையைச் சொறியும்போது என்னைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்.