கிண்ணத்துக்குள் எத்தனை கிராம்? பழ ஐஸ் பிரியர்களுக்குச் சில சட்டங்கள், சில செய்முறைகள்

‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதிய பழ ஐஸில் நூறு கிராமுக்குப் பதினான்கு கிராம் சர்க்கரை இருக்கலாம். ‘நாட்டுச்சர்க்கரையில் செய்தது’ என்று எழுதியதில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற வீட்டில் இந்த இரண்டு டப்பாக்களும் ‘ஒன்றும் பண்ணாது’ என்ற நம்பிக்கையோடு திறக்கப்படுகின்றன. சிக்கல் அங்கேதான்.

பங்குனி பிறந்துவிட்டால் கோவையில் போத்தனூர், சுந்தராபுரம், வெள்ளலூர் பக்கத்து பேக்கரிகளின் ஐஸ் பெட்டிகள் நிறைந்துவிடும். பால் சேராத பழ ஐஸுக்கு இப்போது சோர்பே என்று பெயர், விலையும் அதற்கேற்ப. அதைச் சர்க்கரை குறைத்து வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் ‘குறைவு’ என்பது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைச் சட்டம் கிராம் கணக்கில் சொல்லி வைத்திருக்கிறது.

மூன்று வாசகங்கள், மூன்று அளவுகள்

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் கொண்டுவந்த விளம்பரங்கள் மற்றும் உரிமைகோரல்கள் ஒழுங்குமுறை விதிகளில் இவை தனித்தனியே வருகின்றன.

‘சர்க்கரை இல்லாதது’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது.

‘சர்க்கரை குறைவு’ என்றால் திட உணவில் 100 கிராமுக்கு 5 கிராம், திரவத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராம் வரைதான்.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது வேறு சங்கதி. வெளியிலிருந்து சர்க்கரையோ, தேனோ, பாகோ, அவற்றுக்கு மாற்றாகப் பழச்சாற்றுச் செறிவோ கலக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பழத்துக்குள் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பழங்களின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 கிராமில் ஏறத்தாழ திராட்சை 15 கிராம், மாம்பழம் 14, வாழைப்பழம் 12, அன்னாசி 10, கொய்யா 9, பப்பாளி 8, தர்பூசணி 6, வெள்ளரி 2-க்கும் கீழே. ஆகவே ஒரு கரண்டி சர்க்கரைகூடப் போடாமல் மாம்பழத்தை மட்டும் அரைத்து உறைய வைத்தாலும், ‘சர்க்கரை குறைவு’ என்று அதை விற்க முடியாது.

இன்னொரு விதி பலருக்கும் வியப்பாக இருக்கும். 2011-இல் வந்த உணவுத் தர விதிகள், குச்சி ஐஸ் உள்ளிட்ட தண்ணீர் ஐஸ் வகைகளில் மொத்தச் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, செயற்கை இனிப்பூட்டி சேர்க்கக் கூடாது என்று தரம் வகுத்தன. சர்க்கரைக்குப் பதில் மலிவான இனிப்பூட்டியைப் போட்டு ஏமாற்றுவதைத் தடுக்க இது உதவும். ஆனால் உண்மையிலேயே சர்க்கரை குறைந்த ஐஸ் வேண்டும் என்பவருக்கு அந்தத் தரத்தில் செய்த குச்சி ஐஸ் உதவாது. அவருக்கு நம்பகமான இடம் சொந்த அடுப்படிதான்.

நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி

கொங்கு நாட்டில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு ஒரு மரியாதை உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. சுவையிலும் மணத்திலும் வெள்ளைச் சர்க்கரை அதன் பக்கத்தில் வராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேன், கருப்பட்டி, வடிகட்டிய பழச்சாறு எல்லாம் ஒரே கணக்கில் வருபவை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுபவர் ஒரு நாளில் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி. காலையும் மாலையும் குடிக்கிற காப்பியிலேயே பாதி போய்விடும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த வடிவத்திலும் தேன் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய்க்குக் காரணமான கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். உறைய வைத்தாலும் அவை அழியாது.

வீட்டில் செய்யும்போது

கடைச் சோர்பேயில் கலவையின் எடையில் கால் பங்கு வரைகூடச் சர்க்கரை இருப்பதற்கு இரண்டு காரணங்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். உருகிய குச்சி ஐஸைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டாவது, சர்க்கரை தண்ணீர் முழுவதையும் உறைய விடாது. அதனால்தான் கரண்டி இறங்குகிறது. சர்க்கரையைக் குறைத்தால் ஐஸ் கல்லாகிவிடும். அந்த மென்மையை வேறு வழிகளில் கொண்டுவர வேண்டும்.

முதல் வழி, சுரண்டுவது. விதை நீக்கிய தர்பூசணி 300 கிராம், தோல் சீவிய வெள்ளரி 200 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு, ஆறேழு புதினா இலை, இரண்டு சிட்டிகை உப்பு. தண்ணீர் விடாமல் அரைத்து, வடிகட்டாமல், அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஓரம் உறையத் தொடங்கும். முள்கரண்டியால் சுரண்டிக் கலக்கி மறுபடி உள்ளே வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் பொலபொலவென்று வரும். தர்பூசணியில் 18 கிராம், வெள்ளரியிலும் எலுமிச்சையிலும் சேர்த்து நான்கைந்து கிராம்: 500 கிராமுக்கு மேல் எடையுள்ள கலவையில் மொத்தம் 23 கிராமுக்குள்தான். சட்டத்தின் 5 கிராம் அளவுக்குள் நிற்கிற ஐஸ் இது. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறு கிராம்கூட வராது.

இரண்டாவது வழி, நார். பழுத்த பப்பாளித் துண்டுகள் 500 கிராமை ஒட்டாமல் பரப்பி இரவு முழுக்க உறைய வையுங்கள். எடுத்துப் பத்து நிமிடம் வெளியில் வைத்த பிறகு, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். கல்லாக இருக்கும்போதே ஓட்டினால் பிளேடும் மோட்டாரும் தாங்காது. பப்பாளியின் சதையே வெண்ணெய் போல ஆகிவிடும், சர்க்கரை தேவைப்படாது. 100 கிராமுக்கு 8 கிராம் என்பதால் இது சட்டப்படி ‘குறைவு’ ஆகாது, ‘சேர்க்காதது’ மட்டுமே. சர்க்கரை நோயாளி இதை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, அன்றைய பழக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

பொள்ளாச்சி இளநீரும் வழுக்கையும் அரைத்துச் சுரண்டினாலும் நன்றாக இருக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சர்க்கரையைவிட அவசரமான ஆபத்து

சர்க்கரை வருஷக் கணக்கில் கெடுக்கும். கெட்ட தண்ணீர் மறுநாளே படுக்க வைக்கும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. சால்மோனெல்லாவும் மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைடிஸ் ஏ வைரஸும் ஃப்ரீசரில் உறங்கிக் கிடந்து, வயிற்றுக்குள் விழித்துக்கொள்ளும். பால் ஐஸைப் போலப் பழ ஐஸில் காய்ச்சுகிற வேலை இல்லை என்பதால் சுத்தம் மட்டுமே காவல்.

கோவையின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. தொட்டியில் பிடித்து வைத்ததைத்தான் புழங்குகிறோம். பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். தர்பூசணியை வெட்டுவதற்கு முன் தோலையும் கழுவ வேண்டும். கத்தி தோலில் உள்ளதைச் சதைக்குக் கொண்டுபோகும். மிக்சி ஜார் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.

மாதாந்திர மின்தடை நாளில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். உருகிப்போன ஐஸை மறுபடி உறைய வைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

மாம்பழப் பருவத்தில் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது பழைய தொல்லை. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. கோவை வைசியாள் வீதி, கருப்பக்கவுண்டர் வீதிப் பழ மண்டிகளில் அதிகாரிகள் சோதனை நடத்திப் பழங்களை அழித்ததும் உண்டு.

அதே சமயம் வதந்தியும் ஓர் ஆபத்துதான். 2025 கோடையில் தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு பரவி, தமிழ்நாட்டு விவசாயிகள் விலை கிடைக்காமல் நட்டப்பட்டார்கள். சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்; புகார் கொடுங்கள்.

வெளியில் வாங்கும்போது

எந்த உணவுப் பொட்டலத்திலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். 2022 முதல் கடை ரசீதிலும் அதைப் போடுவது கட்டாயம். தள்ளுவண்டிக்காரரும் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. மரியாதையாகக் கேட்டால் போதும்.

மீன் பெட்டிக்கும் சரக்குக்கும் போகிற பார் ஐஸ், தின்பதற்கானது அல்ல. தின்னும் ஐஸிலிருந்து அதைப் பிரித்தறிய, உணவுக்கல்லாத ஐஸில் லேசான நீலச் சாயம் கலக்கும்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் அறிவுறுத்தியது. ஜூஸ் கடையில் கோணிச் சாக்கில் சுற்றிய பார் ஐஸை உடைத்துப் போட்டால், ‘ஐஸ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்திலும் கவனம் தேவை. துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்கூட வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு விதி. பெற்றோர் சங்கம் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டிலிருந்து விற்றால்

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் டப்பா அறுபது ரூபாய் என்று விற்கத் தொடங்கிய நிமிடமே நீங்கள் சட்டத்தின் கண்ணில் உணவு வணிகர். சிறு வணிகருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும், இணையத்திலேயே செய்யலாம். சேர்த்த பொருள்கள், செய்த தேதி, பதிவு எண் மூன்றும் டப்பாவில் இருக்கட்டும். அளந்து பார்க்காமல் ‘சர்க்கரை குறைவு’ என்று எழுதாதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

கெடுதல் நேர்ந்தால்

ஐஸ் சாப்பிட்டு வாந்தி, பேதி வந்தால் முதலில் மருத்துவர். ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டில் எதைச் சாப்பிட்ட பிறகு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். மீதி ஐஸைக் கொட்டிவிடாமல், சுத்தமான டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். பொட்டலம், ரசீது, படம், தேதி எல்லாம் சாட்சி.

புகார் சொல்லத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கட்டணமில்லா எண் 1800 112 100. போத்தனூர் ஜங்ஷன் நடைமேடையிலோ ரயிலிலோ வாங்கியதென்றால் 139-ஐ அழையுங்கள். ரயில்வே எல்லைக்குள் உணவுச் சோதனை ரயில்வேயின் சொந்த அதிகாரிகள் கையில் இருக்கிறது.

அதிகாரி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். தமிழ்நாட்டின் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று கோவையிலேயே இருக்கிறது. முடிவு 14 நாளில் தரப்பட வேண்டும். உணவு தரமற்றது என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள். இதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் இறப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை என்கிறது. மற்றொன்று, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

அறுபது ரூபாய் டப்பாவுக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். அதே பெட்டியிலிருந்து நாளைக்கு வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் தேவை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ, ஒரு தர்பூசணியும் ஒரு முள்கரண்டியும் இன்று மாலைக்குப் போதும்.