மருந்தின் இயற்பெயரும் வணிகப் பெயரும்

யூரியா மூட்டையை எந்தக் கம்பெனி தைத்து அனுப்பினாலும், அதனுள் இருக்கும் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கே என்பதை நம் விவசாயிகள் நன்கறிவர். மூட்டையின் மேலுள்ள படத்திற்காக எவரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஆனால், அதே விவசாயி மருந்துக்கடைக்குச் சென்றால், கம்பெனி வைத்த பெயரையே மருந்தின் பெயரெனக் கருதிக் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார்.

ஒவ்வொரு மருந்துக்கும் இயற்பெயர் ஒன்று உண்டு. நீரிழிவு நோயாளர் பலர் உண்ணும் மாத்திரையின் இயற்பெயர் மெட்ஃபார்மின். குளுக்கோபேஜ், கிளைக்கோமெட் என்பன வெவ்வேறு கம்பெனிகள் அதற்கு இட்ட வணிகப் பெயர்களாகும். புதிய மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுக் காலம் காப்புரிமை உண்டு. அக்காலம் கழிந்தபின், அரசின் உரிமம் பெற்ற எவரும் அதனை உற்பத்தி செய்யலாம். ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் இல்லாமையால் விலை இறங்குகிறது. இவ்வாறு இயற்பெயரிலேயே விற்கப்படுவதைத்தான் ஜெனரிக் மருந்து என்கின்றனர். மெட்ஃபார்மின் 1957-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டில் வழக்கத்திற்கு வந்த பழைய மருந்து. நம் நாட்டில் கவர்ச்சியான பெயர்களுடன் விற்கப்படுவனவற்றுள்ளும் பெரும்பாலானவை இத்தகைய பழைய மருந்துகளே.

விலை குறைந்தால் வீரியமும் குறையாதோ என்று வினவலாம். இந்திய மருந்துத் தரநூல் விதிக்கும் அளவு இருவகைக்கும் ஒன்றே. தரக்குறைவு நேர்ந்தால் அது எப்பெயரிலும் நேரலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டது. அது மருந்துகளை இயற்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைக்கூடங்களில் ஆய்ந்த பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. எனினும், இலவச மாத்திரையில் சக்தியில்லை என்று சொல்லி ஊசிக்காகப் பணம் செலவழிப்போர் இல்லாத ஊர் அரிது!

மாத்திரையின் நிறமும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நோய் தீர்க்கும் பொருளுடன் சேர்க்கப்படும் மாவும் சாயமும் வேறுபடுவதே காரணம். இவ்விடத்தில்தான் முதியோர் ஏமாறுகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிளிமிப்பிரைடு என்னும் மாத்திரை பெற்றவர், பின்னர்த் தனியார் மருத்துவரிடம் சென்று அதே மருந்தை வேறொரு வணிகப் பெயரில் வாங்கி, ஒன்று வெள்ளை, மற்றொன்று சிவப்பு என்பதால் இரண்டையும் உட்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்த்து, நினைவிழந்து விழ நேரலாம், உயிருக்கும் ஆபத்து. ஆகையால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் முன்பு உண்ட மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுதல் வேண்டும். அட்டையில் வணிகப் பெயருடன் இயற்பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதனைப் படித்துச் சொல்லலாம்.

இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. அறுவடைப் பணம் தீர்ந்ததும் மாத்திரையையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உள்ளன. விளைவு, பக்கவாதமும் சிறுநீரகக் கேடும். இதனைத் தடுப்பதில் ஊராட்சி அங்கத்தினர்களுக்குப் பெரும் பங்குண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-இல் தொடங்கப்பெற்றது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. வீடு தேடி மாத்திரை வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடக்கம் பெற்றது. தம் ஊருக்கு அருகில் குறைந்த விலை மருந்தகம் எங்குள்ளது, சுகாதார நிலையத்தில் எம்மருந்து இருப்பில் இல்லை என்பவற்றைக் கிராம சபையில் கேட்டறிந்து அறிவிக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. வலிப்பு நோய்க்கும் தைராய்டுக் குறைபாட்டிற்கும் மருந்துண்போர், ஒரு கம்பெனியின் மாத்திரையிலிருந்து மற்றொன்றிற்குத் தாமாக மாறலாகாது. அளவில் நேரும் சிறு வேறுபாடும் அவர்களைப் பாதிக்கக்கூடுமாதலால், மருத்துவரைக் கேட்டே மாறுதல் வேண்டும்.