ஐந்து மில்லிமீட்டர் அலைகள்

1885-ஆம் ஆண்டில் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்த ஜகதீச சந்திர போஸ், அதே உத்தியோகத்தில் ஐரோப்பியர் பெற்றுவந்த ஊதியம் இந்தியர் என்ற காரணத்தால் தமக்கு மறுக்கப்பட்டதைக் கண்டு, குறைத்துக் கொடுத்த சம்பளத்தைக் கையால் தொடாமலே மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தி, முடிவில் முழுத் தொகையையும் நிலுவையோடு பெற்றார். அந்த வைராக்கியமே அவருடைய ஆராய்ச்சியையும் நடத்திச் சென்றது என்பது என் துணிபு. ஏனெனில் கல்லூரியில் முறையான ஆராய்ச்சிசாலை இல்லாத நிலையில், சிறியதோர் அறையில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் துணைகொண்டு, வேண்டிய கருவிகளை எல்லாம் அவர் தாமே அமைத்துக்கொண்டார்.

மின்காந்த அலைகள் உண்டென்று நிரூபித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் கையாண்டவை நீண்ட அலைகள். ஒளியைப் போலவே அவையும் திசை மாறிச் செல்லும் என்று காட்ட, கீலால் வார்த்த மிகப் பெரிய பட்டகம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. போஸோ கருவியைப் பெருக்காமல் அலையைச் சுருக்கினார். சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை அவர் எழுப்பியதும், ஒளியின் குணங்களையெல்லாம் அவ்வலைகளிடமும் சோதித்துப் பார்க்க ஒரு மேஜையே போதுமானதாயிற்று. அலைகளின் அதிர்வு ஒரே தளத்தில் அமையும்படி வடிகட்டுவதற்கு அவர் ஏந்திய சாதனம், ஏடுகளுக்கிடையே ஈயக் காகிதம் செருகிய ஒரு ரயில்வே காலஅட்டவணைப் புத்தகம்! முறுக்கிய சணல் கற்றைகளும் அவர் கையில் பௌதிகக் கருவிகளாயின.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு, கம்பித் தொடர்பு இன்றியே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். இதனாலேயே வானொலியைக் கண்டவர் போஸ்தான் என்று நம்மவர் பெருமை பேசுவது இயல்பு. ஆயினும் நெடுந்தூரச் செய்திக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்று கண்டு, அவற்றைக் கடல் கடந்து செலுத்திய மார்க்கோனியின் உழைப்பை மறைத்துப் போஸுக்குப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை.

அவருக்கே உரிய சாதனை வேறொன்று உண்டு. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின்மீது உலோக முனையொன்றை மெல்லப் பதித்து, வரும் அலையை உணர்த்தும் கருவியை அவர் அமைத்தார்; பின்னாளில் வீடுகளில் இடம்பெற்ற படிக ரேடியோப் பெட்டிகளிலும் கலீனாவே பெருவழக்காயிற்று. அறிவை விலைக்கு விற்பதில் விருப்பமற்ற போஸ், விவேகானந்தரின் அமெரிக்கச் சிஷ்யை ஸாரா புல் அம்மையார் வற்புறுத்தியதால்தான் காப்புரிமைக்கு இசைந்தார். 1901-இல் விண்ணப்பித்த அவ்வுரிமை 1904-இல் கிடைத்தது. அதைக்கொண்டு பொருளீட்ட முற்படாமல், செடிகொடிகளின் உணர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் முழுமூச்சாக ஈடுபட்டிருந்தார்.