தாயும் சேயும் ஒரே வளர்ப்பு இல்லத்தில்

பெற்றோரின் புறக்கணிப்பாலோ கொடுமையாலோ பாதுகாப்பை இழந்த பிள்ளைகளை, நீதிமன்றத்தின் ஆணைப்படி வேறொரு குடும்பத்தில் வைத்துக் காக்கும் முறையை வளர்ப்புப் பராமரிப்பு என்பர். இது தத்தெடுத்தல் அன்று; தற்காலிக ஏற்பாடேயாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அங்ஙனம் காக்கப்படும் பெண்பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் தானே ஒரு குழந்தைக்குத் தாயானால் அவளை எவ்வாறு தாங்குவது? இவ்வினாவையே ஈண்டு ஆராய்வோம்.

இது அரிய நிலையன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு நிலையம், அயோவா, விஸ்கான்சின், இல்லினாய் ஆகிய மூன்று மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்த இளைஞரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. அவர்களுள் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 19 வயதிற்குள் ஒருமுறையேனும் கருவுற்றிருந்தனர். பொது மக்களிடையே அவ்வயதுப் பெண்களில் ஐவருள் ஒருவரே அந்நிலையில் இருந்தனர். ஒழுக்கக் குறைவு என்று கூறி இதனைத் தள்ளிவிடலாகாது. இல்லம் விட்டு இல்லமும், பள்ளி விட்டுப் பள்ளியும் மாறிய பிள்ளைக்கு உடலைப்பற்றி அறிவுரை கூற நிலையான ஒருவர் வாய்ப்பதில்லை. தன்னைவிட்டு நீங்காத ஓர் உறவுக்காக ஏங்குவதும் இயல்பே.

முதலாவது, தாயையும் சேயையும் பிரிக்கலாகாது. தாய் அரசின் காவலில் இருப்பதனால் மட்டுமே குழந்தையும் அக்காவலுக்கு உட்பட்டதாகிவிடாது. 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, இருவரும் ஒரே வளர்ப்பு இல்லத்தில் வாழும்போது, தாய்க்காக வழங்கும் பராமரிப்புத் தொகையில் சேயின் செலவும் சேர்க்கப்படுகின்றது. எனினும் இருவரையும் ஏற்க மனமுள்ள இல்லம் கிடைப்பதே கடினமாயிருக்கின்றது.

இரண்டாவது, அவள் தாய். அதே வேளையில் பிள்ளையும் ஆவாள். இதனை மறக்கும் உதவி தவறிப்போகும். குழந்தை அழுதவுடன் வளர்ப்புத் தாயே ஓடித் தூக்கிக்கொண்டால், குழந்தை அவளையே தாயென நாடும். இளந்தாயோ தன் வீட்டிலேயே விருந்தாளியாவாள். மாறாக, ‘நீதானே தாய்’ என்று அனைத்தையும் அவள்மேல் சுமத்தினால், உறக்கமின்றி அவள் தளர்ந்துபோவாள். குளிப்பாட்டும்போது அருகில் நின்று காட்டிக்கொடுத்து, பின்பு கையை விலக்கிக்கொள்வதே நல்வழி. தாய்மை கற்பிக்கப்படுவதைவிட அனுபவிக்கப்பட்டே பெறப்படுகின்றது. தாயன்பை அறியாத அவளுக்கு முதலில் அவ்வன்பே வேண்டும்.

மூன்றாவது, அவளது அச்சத்தை உணர்தல் வேண்டும். ஏனைய இளந்தாய்மார் செய்யும் பிழைகளை உற்றார் மட்டுமே காண்பர். இவளுடைய பிழைகளையோ சமூகப் பணியாளர் கோப்பில் எழுதுகின்றார். ‘என்னால் இயலவில்லை’ என்று சொன்னால் குழந்தையை எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சி அவள் வாய்திறவாதிருக்கிறாள். உதவி கேட்பது குற்றச்சான்றாகாது என்ற நம்பிக்கை ஏற்படாதவரை எவ்வுதவியும் பயன்தராது. 2018ஆம் ஆண்டின் குடும்ப முதன்மைச் சட்டம், கருவுற்ற அல்லது பெற்றோராகிவிட்ட வளர்ப்புப் பிள்ளைகளைத் தெளிவாகக் குறிப்பிட்டு, மனநல உதவிக்கும் குழந்தை வளர்ப்புப் பயிற்சிக்கும் உரியவர்களாக்கியது.

நான்காவது, நாளைய வாழ்வுக்கு வழிசெய்தல் வேண்டும். குழந்தைக் காப்பகம் இன்றேல் பள்ளிப் படிப்பு நின்றுவிடும். கருவுற்ற காலந்தொட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர் வீடுதேடி வரும் திட்டம், 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் தொடங்கிச் சோதிக்கப்பட்டு, பல மாநிலங்களுக்குப் பரவியது. 2008ஆம் ஆண்டின் சட்டம், விரும்பும் மாநிலங்கள் 21 வயதுவரை பராமரிப்பை நீட்டிக்கக் கூட்டாட்சி நிதி கிடைக்கச் செய்தது. குழந்தையின் இளந்தந்தையையும் மறத்தலாகாது. அவனும் இத்தகைய காவலில் வளர்ந்தவனாயிருக்கலாம். தீங்கிழைக்காதவனாயின், அவன் குழந்தையைக் காணவும் பொறுப்பைப் பழகவும் இடமளித்தல் நலம்.

யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில் பார்வோனின் குமாரத்தி, தான் காப்பாற்றிய குழந்தையை அதன் தாயின் கையிலேயே ஒப்புவித்து, வளர்ப்பதற்குக் கூலியும் கொடுத்தாள். குழந்தை காக்கப்பட்டது, தாயும் தாயாகவே இருந்தாள். இல்லங்களைத் திறக்கும் சபையார் இவ்விரண்டையும் ஒருங்கே நாடுவார்களாக. ஒரு குழந்தையைக் காப்பதற்காக மற்றொரு பிள்ளையைக் கைவிடுவது பராமரிப்பு ஆகாது.