மலையும் பூச்சியும் – 9: குளவிக்கும் பசிக்கும்

கண்டி ஹந்தானைப் பக்கம் ‘குளவி!’ என்று ஒரு குரல் எழுந்தால் போதும். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றிய செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. இந்த வாரம் பார்க்கப்போவது வேறு சாதி. மெலிந்த உடம்பு, மனிதரைச் சீண்டாத குணம். அதன் குஞ்சுக்கு வேண்டியது புழு மட்டுமே.

1930களில் இலங்கைத் தேயிலையை இலை சுருட்டிப் புழு ஆட்டிப்படைத்தது. இலைகளை நூலால் ஒட்டிக் கூடாக்கிக்கொண்டு, உள்ளேயிருந்தே அரித்துத் தின்னும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935–36இல் ஜாவாவிலிருந்து ‘மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே’ என்ற குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். ஒரே முட்டை பல கருக்களாகப் பிரியும். எல்லாம் சேர்ந்து புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். சில ஆண்டுகளில் புழு அடங்கியது. பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்கிய வெற்றிகளில் உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் கதை இது.

அந்த வெற்றியைக் கெடுத்தது மருந்து. கண்டி போன்ற நடுமலைத் தோட்டங்களுக்குப் பெரிய தொல்லை, கிளையைத் துளைத்து முறிய வைக்கும் ‘ஷொட் ஹோல் போரர்’ வண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதற்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டுக்கு வைத்த குறியில் குளவியும் விழுந்தது. அடங்கிக் கிடந்த இலை சுருட்டிப் புழு மறுபடி கிளம்பியது. அதே டீல்ட்ரின் 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகமே ஒதுக்கிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்ந்தது.

மருந்தை நிறுத்தினால் மட்டும் போதுமா? புழுவைத் தின்பது குளவியின் குஞ்சுதான். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். தேன் கிடைத்தால் கூடுதல் நாள் வாழும், கூடுதலாக முட்டையிடும். களையே இல்லாமல் துடைத்துவைத்த தேயிலை மலையில் அந்தத் தேனுக்கு எங்கே போவது?

இதைச் செம்பனைத் தோட்டக்காரர்கள் முன்பே பிடித்துக்கொண்டார்கள். மலேசியாவிலும் சுமத்திராவிலும் ஓலை தின்னும் புழுக்களை அடக்க, தோட்டப் பாதையோரங்களில் டர்னெராவையும் ஆன்டிகோனன் கொடியையும் வரிசையாக நடுகிறார்கள். டர்னெரா பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். ஆனால் இலைக்காம்பிலும் தேன் சுரப்பிகள் உண்டு, ஆகவே பந்தி ஓய்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளோடு, புழுவைக் குத்தி உறிஞ்சும் மூட்டைப்பூச்சிக்கு உறவான வேட்டைக்காரப் பூச்சிகளும் அங்கே கூடுகின்றன. நம் நாட்டில் 1968இல் காலி மாவட்டத்து நாக்கியாதெனியவில் கால்வைத்த செம்பனை, 2021 ஏப்ரலில் தடைக்குள்ளானது. பயிருக்குத் தடை வந்தாலும் அதன் பாதையோர வித்தையைத் தேயிலை இரவல் வாங்கலாம்.

வயலில் இதற்குக் கணக்கே இருக்கிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் நெல்வயல் வரப்புகளில் எள் முதலிய தேன்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது: பூச்சிமருந்து சுமார் 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. ஆனால் நெல்லைப்போல் தேயிலை சில மாதப் பயிரல்ல. அதே எண்ணிக்கையை அப்படியே மலைக்கு ஏற்றிவிட முடியாது.

கண்டியில் தேன்செடிக்குப் பஞ்சமில்லை. 1851இல் அழகுக்காக இலங்கைக்கு வந்த காட்டுச் சூரியகாந்தி இப்போது சாலையோரமெல்லாம் மஞ்சளாய் நிற்கிறது. தோட்டங்களில் அதை வெட்டிப் பசுந்தாளாகப் போடுகிறார்கள். பூக்கும் முன்பே எல்லாவற்றையும் வெட்டாமல் ஓரத்தில் ஒரு வரிசையை விட்டுவைப்பதா என்பதுதான் சோதிக்க வேண்டிய சங்கதி. அதிலும் ஒரு சிக்கல்: இடம் கொடுத்தால் பரவிக்கொண்டே போகும் செடி அது. வரிசைக்கு எல்லை போட்டு, விதை உதிருமுன் வெட்டி, பசுந்தாளாக மலைக்குள்ளேயே போட ஆள் வேண்டும். கொழுந்து கிலோவைப் பார்த்தே சம்பளம் கணக்கிடும் தோட்டத்தில் அந்த வேலைக்கு எத்தனை பேரை ஒதுக்குவார்கள்?