வலையமைப்புச் சிறப்புத்துறை: எதை வைப்பது, எதை விடுவது?

உயர்தரத்தில் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, கணினி வலையமைப்பைச் சிறப்புத்துறையாகக் கொண்ட பட்டமொன்றை வகுக்கச் சொன்னால், நான் முதலில் மணித்தியாலங்களைத்தான் எண்ணுவேன். நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் விரிவுரைக்கு 15 மணித்தியாலம். ஆய்வுகூடச் செயன்முறைக்கு 30க்குக் குறையாது. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை எடுக்கத்தான் வேணும்.

“ஒரு கம்பனிட ரவுட்டரப் பழக்கிவிட்டா புள்ளைக்குத் தொழில் கெடைக்கும்தானே?” என்று பெற்றோர் கேட்பார்கள். கெடைக்கும். ஆனால், அந்தப் பெட்டி மாறும் நாளில் பிள்ளை தடுமாறும். 1983இல் அர்ப்பாநெட் ஏற்றுக்கொண்ட டிசிபி/ஐபி விதிமுறைகளோ இன்றும் இயங்குகின்றன. முகவரி 32 பிட்டிலிருந்து 128 பிட்டுக்கு நீண்டாலும், பொதிகளை வழிப்படுத்தும் அடிப்படை அதேதான்.

ஆகவே, இரண்டாம் வருடத்தில் முகவரியிடல், வழிப்படுத்தல். மூன்றாம் வருடத்தில் கம்பியில்லா வலையமைப்பு, பாதுகாப்பு. நான்காம் வருடத்தில் தொழிற்பயிற்சி, ஆய்வுத்திட்டம். வயர்ஷார்க், ஜிஎன்எஸ்3 போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும், கேபிள் முனையைத் தன் கையால் பூட்டிப் பார்க்காதவருக்குப் பழுது எங்கே என்று பிடிபடாது.

பரீட்சையும் அப்படித்தான். மனப்பாடத்தைக் கேட்கமாட்டேன், பழுதான வலையமைப்பொன்றைக் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வேன்.