43-க்கு 8

போடியில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. முந்தலைத் தாண்டி மேடு தொடங்கியதும் எஞ்சின் ஒரே சுருதியில் முனகும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளே தூக்குச்சட்டியோடும் சாக்கோடும் நெருக்கியடித்து உட்கார்ந்த கூலியாட்கள். வண்டி வேகம் பிடிக்காது, நிற்கவும் நிற்காது.

அந்த ஜீப்பின் மூலவடிவம் அமெரிக்காவின் வில்லிஸ். சிஜே-3பி என்ற மாடலை மகிந்திரா நிறுவனம் இங்கேயே பல ஆண்டுகள் தயாரித்தது. அதன் பின் ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்தால் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். பெரியது கிரவுன், 43 பல். சிறியது பினியன், 8 பல். அதாவது பினியன் 5.38 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஃபோர் வீல் லோவில் போட்டு முதல் கியரைத் தட்டினால் கணக்கு இன்னும் ஏறும்: எஞ்சின் 37 சுற்று, சக்கரம் 1 சுற்று. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியைக் கிளட்ச் புகையாமல் நகர்த்தியது இந்தக் கணக்குதான்.

டயர் 6.00-16. ஒல்லியானது, உயரம் ஏறக்குறைய இருபத்தெட்டரை அங்குலம். ஒரு கிலோமீட்டருக்கு 440 சுற்று. அதை 5.38-ஆல் பெருக்கினால் சுமார் 2,365. டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால் எஞ்சினின் நிமிடச் சுற்றும் அதேதான். 80-இல் போனால் 3,150-ஐத் தாண்டும். தேனி ரோட்டில் அந்த வேகத்தில் ஜீப் அலறியதில் வியப்பில்லை. எரிபொருளைக் குடித்ததிலும் இல்லை. ஆனால் அன்று யாரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. ஒரு டேங்குக்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை ஆள், எத்தனை மூட்டை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு 43-க்கு 8 சரியான பதிலாக இருந்தது.

இன்று கேள்வி மாறிவிட்டது. 2020-இல் வந்த மகிந்திராவின் புதிய தார் ஜீப்பில் 255/65 ஆர்18 டயர் கம்பெனியிலிருந்தே வருகிறது. உயரம் 31 அங்குலம். அதற்கேற்ற எஞ்சினும் ஆறு கியரும் கூடவே வருகின்றன. மேல் கியர் ஓவர்டிரைவ் என்பதால் நான்கு வழிச்சாலையில் எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. டயரையும் கியரையும் ஜோடியாகவே பார்த்து வடிவமைத்த வண்டி அது.

வம்பு, டயரை மட்டும் மாற்றும்போது வருகிறது. பழைய ஜீப்பைப் புதுப்பித்து, அழகுக்காக 31 அங்குல டயர் மாட்டுகிறார்கள். இப்போது கிலோமீட்டருக்கு 404 சுற்றுதான். 60-இல் எஞ்சின் 2,170-க்கு இறங்குகிறது. 43-க்கு 8 கிரவுனைக் கழற்றிவிட்டு 39-க்கு 8 போட்டதற்கு இது கிட்டத்தட்டச் சமம். சமதளத்தில் இது லாபம் போலத் தெரியும். மேட்டில் அதே டயர் கழுத்தைப் பிடிக்கும். இழுவை போதாமல் வண்டி திணற, ஓட்டுபவர் ஒரு கியர் குறைத்து மிதிப்பார். மிச்சப்பட்ட சுற்று அங்கே திரும்பிப் போய்விடும். போதாக்குறைக்குப் பெரிய டயரின் கனத்தை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, மறுபடி சுழற்ற வேண்டும். சேற்றுக்கென்று செய்த முரட்டுப் பட்டைகள் தார்ச்சாலையில் உருள அடம்பிடிக்கும். வண்டியின் உயரம் கூடியதால் காற்றும் எதிர்த்து நிற்கும்.

இதில் மீட்டரும் ஏமாற்றும். பழைய ஜீப்பில் மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அது எண்ணுவது தண்டின் சுற்றைத்தான். டயர் மாறியது அதற்குத் தெரியாது. நிஜத்தில் 100 கிலோமீட்டர் ஓடினால் 92 என்று காட்டும். லிட்டருக்கு 11 தந்த வண்டி டயர் மாற்றியபின் 9 தருவதாக ஒருவர் புலம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது 9.8. இழப்பு இரண்டல்ல, ஒன்றேகால்கூட இல்லை.

அனுபவப்பட்ட மெக்கானிக் இதைக் கணிப்பொறி இல்லாமலே கண்டுபிடிப்பார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளச் சொல்லி, சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியதும் தரையில் மறு கோடு. நடுவே டேப் போடுவார். ஒல்லி டயர் என்றால் இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 31 அங்குலம் என்றால் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. “எங்க ஓட்டப்போற தம்பி, மலையிலயா, ரோட்டுலயா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. மலை என்றால் அந்த உயரத்துக்குக் கிரவுனையும் மாற்ற வேண்டும், இல்லையேல் பழைய டயருக்கே திரும்ப வேண்டும். ரோடு என்றால், இருக்கிற 43-க்கு 8-ஐ அப்படியே விட்டு, காற்றைச் சரிபார்த்து, ஃபோர் வீலை எடுத்துவிட்டு ஓட்டினால் போதும்.

தோட்டத்து ஜீப்காரரிடம் அன்று யாரும் இதைக் கேட்டதில்லை. அவருக்கு இருந்தது ஒரே பாதை.